தேநீரும் அபினும்: போதை எது என்பதைத் தீர்மானித்தவர்கள் யார்?

வடபகுதிப் பத்திரிகைகளில் அண்மைக் காலமாக இடம்பெறத் தவறாத ஒரு வகைச் செய்தி உண்டு. கரையோரத்தில் கேரளக் கஞ்சா கைப்பற்றப்பட்டது என்றோ, ஹெரோயினுடன் இளைஞர் கைது என்றோ, ஐஸ் வைத்திருந்தவருக்கு விளக்கமறியல் என்றோ அது அமையும். பத்திரிகையில் பணியாற்றிய காலத்தில் இத்தகைய செய்திகளை எத்தனையோ தடவை செம்மைப்படுத்திப் பக்கத்தில் இட்டிருக்கிறேன். அவை பெரும்பாலும் பொலிஸ் தரப்புத் தகவலைக் கொண்டு எழுதப்படுபவை. பொருளின் எடை, அதன் பெறுமதி, கைதானவரின் வயது, ஊர் ஆகிய நான்கும் இருந்தால் செய்தி முழுமை பெற்றுவிடும். அப்பொருள் எங்கிருந்து வந்தது, யாருக்காக வந்தது, அது எப்போது குற்றமாயிற்று என்ற கேள்விகளுக்கு அங்கே இடமில்லை.

அச்செய்தியை வாசிப்பவர் பெரும்பாலும் ஒரு கையில் தேநீர்க் கோப்பையுடன்தான் வாசிக்கிறார். தேநீரும் மனத்தின் மீது செயற்படும் ஒரு பொருள்தான். அதிலுள்ள கபேன் சோர்வை அகற்றி விழிப்பைத் தருகிறது. நாளாந்தம் அருந்துபவர் ஒருநாள் அதனை விட்டால் தலையிடி வருவதும் அதனாலேயே. ஆனால் தேயிலையை எவரும் போதைப்பொருள் என்று சொல்வதில்லை. அவ்வாறு சொல்வதற்கு நானும் இங்கே முற்படவில்லை. தேநீரின் கபேனும் ஹெரோயினும் மனித உடலுக்குச் செய்யும் தீங்கில் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு உண்டு. ஆயினும் மனத்தை மாற்றும் பொருள்களுள் எது மரியாதைக்குரியது, எது வரிக்குரியது, எது தண்டனைக்குரியது என்ற பிரிப்பை வரலாற்றில் செய்தது மருத்துவ அறிவு மட்டுமல்ல. பல வேளைகளில் அதைச் செய்தது அரச திறைசேரி. இதற்கு மிகத் தெளிவான சான்று தேயிலைக்கும் அபினுக்கும் இடையே இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் ஏற்பட்ட உறவாகும். அந்த உறவின் ஒரு கிளை நம்மவர்களின் வாழ்வையும் தொட்டிருக்கிறது.

பழையதொரு பழக்கம்

போதை தரும் பொருள் எதனையும் அறியாத சமூகத்தைக் காண்பது அரிது. ரிக் வேதத்தின் ஒன்பதாம் மண்டலம் முழுவதும் சோமபானத்தைப் பற்றியது. அந்தச் சோமம் எந்தத் தாவரத்திலிருந்து பெறப்பட்டது என்பதில் அறிஞர்களிடையே இன்றுவரை உடன்பாடில்லை. அது ஒருவகைக் காளான் என்று கோர்டன் வாசன் என்ற அமெரிக்கர் 1968இல் ஒரு நூலே எழுதினார். வேறு சிலர் எபிட்ரா என்ற செடியைச் சுட்டுகின்றனர்.

நமது சங்க இலக்கியங்களில் கள் ஒளித்து வைக்கப்பட்ட பொருளாக இல்லை. அது புலவனுக்கும் பாணனுக்கும் மன்னன் தன் கையால் வழங்கிய விருந்து. போரில் வீழ்ந்தவனின் நடுகல்லுக்குப் படைக்கப்பட்ட பொருளும் அதுவே. அதியமானின் பிரிவை ஔவையார் பாடிய பாடல்களில் கள் நட்பின் அடையாளமாகவே வருகின்றது. பின்னர் வந்த திருக்குறளில் தொண்ணூற்று மூன்றாம் அதிகாரம் 'கள்ளுண்ணாமை' என்று அமைந்தது. விருந்தாக இருந்த ஒன்று ஒழுக்கக் கேடாகக் கருதப்படும் மாற்றத்தை நம் இலக்கியத்திலேயே காணலாம். இங்கே பேசியவர் அறத்தை வலியுறுத்திய புலவர். வரி விதிக்கும் அரசனின் குரல் அன்று அது.

ஆட்சியாளர்கள் போதையைப் பற்றிப் பேசத் தொடங்கியபோது அவர்களின் கவலைகள் வேறாக இருந்தன. இன்று உலகெங்கும் அருந்தப்படும் கோப்பிக்கு 1511இல் மக்கா நகரில் தடை விதிக்கப்பட்டது. அதனை விதித்த அதிகாரி கைர் பெக். கோப்பிக் கடைகளில் கூடுவோர் ஆட்சியைப் பற்றிக் கதைக்கிறார்கள் என்ற அச்சமும் அத்தடையின் பின்னால் இருந்தது. கெய்ரோவிலிருந்த சுல்தான் அத்தடையை நீக்கினார். இங்கிலாந்தின் இரண்டாம் சார்ள்ஸ் மன்னர் 1675ஆம் ஆண்டின் இறுதியில் கோப்பிக் கடைகளை மூடுமாறு பிரகடனம் செய்தார். எதிர்ப்பு வலுத்ததால் அது நடைமுறைக்கு வருமுன்னரே மீளப்பெறப்பட்டது.

புகையிலையின் கதை இன்னும் சுவையானது. இங்கிலாந்தின் முதலாம் ஜேம்ஸ் மன்னர் 1604இல் புகையிலைக்கு எதிராகத் தாமே ஒரு நூலை எழுதி வெளியிட்டார். அதே ஆண்டில் அதன் இறக்குமதி வரியைப் பன்மடங்காக உயர்த்தினார். பின்னர் வர்ஜீனியாவில் ஆங்கிலக் குடியேற்றக்காரர்கள் புகையிலை பயிரிடத் தொடங்கியதும் அது அரச வருமானத்தின் ஊற்றாயிற்று. மன்னரின் வெறுப்பு அவர் எழுதிய நூலோடு நின்றுபோனது. அமெரிக்காவிலிருந்து ஐரோப்பியர் கொணர்ந்த அப்பயிர் பின்னர் யாழ்ப்பாணத்துச் செம்மண்ணிலும் வேரூன்றியது. திருவிதாங்கூருக்குச் சென்ற யாழ்ப்பாணப் புகையிலை எமது தோட்டக்காரர்களுக்குக் காசு கொடுத்தது. எமது கல்வீடுகள் பலவற்றின் அத்திவாரத்தில் புகையிலைப் பணம் இருக்கிறது. நிக்கொட்டின் மனிதரை அடிமைப்படுத்தும் ஆற்றலில் எந்தப் போதைப்பொருளுக்கும் இளைத்ததன்று என்பதை இன்று மருத்துவம் சொல்கிறது. ஆனால் எமது மூதாதையர் எவரும் தம்மைப் போதைப்பொருள் உற்பத்தியாளர் என்று எண்ணியதில்லை.

தென் அமெரிக்காவில் அந்தீஸ் மலை மக்கள் மெல்லும் கொக்கா இலையை ஸ்பானியப் பாதிரிமார் சாத்தானின் இலை என்று கண்டித்தார்கள். 1545இல் பொட்டோசியில் வெள்ளிச் சுரங்கம் கண்டுபிடிக்கப்பட்டது. பசியையும் களைப்பையும் மறந்து உழைப்பதற்கு அவ்விலை உதவுகிறது என்பதைச் சுரங்க முதலாளிகள் கண்டுகொண்டார்கள். அதன் பின்னர் அது தாராளமாக வழங்கப்பட்டது. அதன் வணிகத்திலிருந்து வரியும் அறவிடப்பட்டது.

இந்த ஒழுங்கு திரும்பத் திரும்ப வருகிறது. முதலில் கண்டனம். பின்னர் கணக்கு. அதன் பின்னர் வரி. இதனைப் பேரரசு ஒன்றின் அளவில் நடத்திக் காட்டியவர்கள் பிரித்தானியர்.

வெள்ளிக்குப் பதிலாக அபின்

பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் தேநீருக்கு அடிமையாகிப் போயினர். அக்காலத்தில் அவர்களுக்குத் தேயிலை கிடைத்த இடம் சீனா ஒன்றுதான். 1784இல் பிரித்தானியப் பாராளுமன்றம் தேயிலை மீதான வரியை 119 வீதத்திலிருந்து 12.5 வீதமாகக் குறைத்தது. கள்ளக் கடத்தல் ஒழிந்து, கிழக்கிந்தியக் கம்பனியின் தேயிலை வியாபாரம் பெருகிற்று. பின்னர் வரி மீண்டும் உயர்ந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரித்தானிய அரசின் வருமானத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு தேயிலையிலிருந்து கிடைத்தது.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. சீனருக்கு ஆங்கிலேயரிடமிருந்து வாங்குவதற்குப் பெரிதாக எதுவும் தேவைப்படவில்லை. தேயிலைக்கு விலையாக அவர்கள் கேட்டது வெள்ளி. பிரித்தானியாவின் வெள்ளி ஆண்டுதோறும் கிழக்கே சென்றுகொண்டிருந்தது. அதனை மறித்துத் திருப்புவதற்குக் கிடைத்த பண்டமே அபின்.

அபினை ஆங்கிலேயர் கண்டுபிடிக்கவில்லை. 'ஓப்பியன்' என்ற கிரேக்கச் சொல் அரபு வழியாக வந்து நமக்கு அபின் ஆயிற்று. குருமாவுக்கு நாம் அரைத்துப் போடும் கசகசா, அபின் செடியின் விதைதான். அவ்விதையைப் பொதியில் எடுத்துச் சென்று வளைகுடா நாடுகளின் விமான நிலையங்களில் அகப்பட்டுக்கொண்ட பயணிகள் உண்டு. அச்செடியின் முற்றாத காயைக் கீறினால் வடியும் பாலே உறைந்து அபினாகிறது. வலியைப் போக்கவும், வயிற்றோட்டத்தை நிறுத்தவும், உறக்கம் தரவும் கிரேக்க, அரபு, இந்திய வைத்தியர்கள் அதனைப் பல நூற்றாண்டுகளாகப் பயன்படுத்தி வந்தனர். சீனாவிலும் அது மருந்தாகவே இருந்தது. புகையிலையோடு சேர்த்து அதனைப் புகைக்கும் பழக்கம் பரவத் தொடங்கியதும் யோங்செங் பேரரசர் 1729இல் அதற்குத் தடை விதித்தார்.

வங்காளத்தை வசப்படுத்திய கம்பனியின் சார்பில் வாரன் ஹேஸ்டிங்ஸ் 1773இல் அபின் வணிகத்தைக் கம்பனியின் ஏகபோகமாக்கினார். பீகாரிலும் இன்றைய உத்தரப் பிரதேசத்தின் கிழக்குப் பகுதியிலும் விவசாயிகளுக்கு முற்பணம் கொடுத்து அபின் பயிரிடச் செய்தார்கள். விளைச்சல் முழுவதையும் கம்பனி தானே நிர்ணயித்த விலைக்குக் கம்பனிக்கே விற்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட விவசாயக் குடும்பங்கள் இதில் கட்டுண்டிருந்தன. நெல்லும் கோதுமையும் விளைய வேண்டிய நிலத்தில் அவர்கள் அபின் விளைவித்தனர். பாட்னாவிலும் காசிப்பூரிலும் இருந்த தொழிற்சாலைகளில் அது உருண்டைகளாக்கப்பட்டு மாமரப் பெட்டிகளில் அடுக்கப்பட்டது. காசிப்பூர்த் தொழிற்சாலை இந்திய அரசின் பொறுப்பில் இன்றும் இருக்கிறது. அது இப்போது மருந்துத் தேவைக்கானது.

கம்பனி மிகவும் நாசூக்காக நடந்துகொண்டது. தனது கப்பல்களில் அது அபினை ஏற்றவில்லை. ஏற்றினால் சீனா தேயிலை விற்காது. ஆகவே கல்கத்தாவில் ஏலம் போட்டுத் தனியார் வணிகருக்கு விற்றது. அவர்கள் சீனக் கரையில் கள்ளக் கடத்தற்காரரிடம் அதனைக் கொடுத்து வெள்ளியைப் பெற்றார்கள். அந்த வெள்ளி கன்ரனில் கம்பனியின் கைக்கு வந்து தேயிலையாக மாறி லண்டன் சென்றது. ஜார்டின் மதீசன் போன்ற பிரித்தானிய வணிக நிறுவனங்கள் இதில் செழித்தன. பம்பாயைச் சேர்ந்த பார்சி வணிகர்களும் பெரும் பொருள் ஈட்டினர். அவர்களுள் ஒருவரான ஜம்செட்ஜி ஜிஜிபாய் 1842இல் பிரித்தானிய முடியிடமிருந்து 'சேர்' பட்டம் பெற்ற முதல் இந்தியரானார்.

1830களின் இறுதியில் ஆண்டொன்றுக்குச் சுமார் 40,000 பெட்டி அபின் சீனாவுக்குள் சென்றது. ஒரு பெட்டியின் நிறை ஏறத்தாழ 140 றாத்தல்.

ஒரு கடிதமும் இரண்டு போர்களும்

1839இல் சீனப் பேரரசர் இக்கொடுமையை நிறுத்துமாறு பணித்துக் கன்ரனுக்கு ஓர் ஆணையாளரை அனுப்பினார். அவர் பெயர் லின் செசு. நேர்மைக்குப் பெயர் பெற்ற அதிகாரி. அவர் அந்நிய வணிகரின் குடியிருப்பை முற்றுகையிட்டு 20,000க்கும் மேற்பட்ட பெட்டிகளைக் கைப்பற்றினார். அவ்வளவு அபினையும் ஹூமென் என்ற இடத்தில் குழிகளில் இட்டு, உப்பும் சுண்ணாம்பும் கலந்து கரைத்துக் கடலில் விடுவதற்கு மூன்று வாரங்களுக்கு மேல் பிடித்தது. கடலை மாசுபடுத்த நேர்ந்ததற்காக முன்கூட்டியே கடல் தெய்வத்திடம் அவர் மன்னிப்புக் கேட்டார்.

விக்டோரியா மகாராணிக்கு அவர் எழுதிய கடிதம் வரலாற்றில் புகழ் பெற்றது. உங்கள் நாட்டில் அபின் தடைசெய்யப்பட்டுள்ளதாக அறிகிறேன், அவ்வாறாயின் எங்கள் நாட்டுக்கு மட்டும் ஏன் அந்த நஞ்சை அனுப்புகிறீர்கள் என்ற பொருள்பட அவர் வினவினார். கேள்வியின் அறம் சரியானது. ஆனால் அவர் கேள்விப்பட்டிருந்த தகவல் பிழை. அன்றைய இங்கிலாந்தில் அபின் தடைசெய்யப்பட்டிருக்கவில்லை. பலசரக்குக் கடைகளிற் கூட அது விற்கப்பட்டது. ஆலைகளுக்கு வேலைக்குச் சென்ற தாய்மார் தம் குழந்தைகள் அழாமல் உறங்குவதற்காக அபின் கலந்த பாகைப் புகட்டினார்கள். அதன் விற்பனைக்கு ஓரளவேனும் கட்டுப்பாடு வந்தது 1868ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே.

லின்னுக்குப் பதிலாக வந்தவை போர்க்கப்பல்கள். 1840 ஏப்ரலில் அப்போரை எதிர்த்துப் பிரித்தானியப் பாராளுமன்றத்தில் இளம் கிளாட்ஸ்ரன் ஆற்றிய உரை நினைவுகூரத்தக்கது. எதிர்க்கட்சியின் பிரேரணை 262க்கு 271 என்ற கணக்கில், ஒன்பதே வாக்குகளால் தோற்றது. 1842 ஓகஸ்ட் 29இல் நான்கிங் உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. ஹொங்கொங் பிரித்தானியாவின் கைக்குச் சென்றது. ஐந்து துறைமுகங்கள் திறக்கப்பட்டன. 2 கோடியே 10 இலட்சம் வெள்ளி டொலர் இழப்பீடாகச் சீனா செலுத்த வேண்டியதாயிற்று. லின் செசு பதவி பறிக்கப்பட்டு, தொலைதூரமான சிங்கியாங்குக்கு நாடுகடத்தப்பட்டார். 1856 முதல் 1860 வரை நடந்த இரண்டாம் போரின் விளைவாகச் சீனாவில் அபின் இறக்குமதி சட்டபூர்வமாக்கப்பட்டது. பின்னர் சீனாவே பயிரிடத் தொடங்கி, இறக்குமதியைவிடப் பன்மடங்கு அபினை உற்பத்தி செய்தது. ஒரு நாட்டின் தடையைப் பீரங்கியால் நீக்கிய இவ்வரலாற்றைச் சீனர் மறக்கவில்லை. அவமானத்தின் நூற்றாண்டு என்று அவர்கள் குறிப்பிடும் காலம் இந்தப் போருடனேயே தொடங்குகிறது.

இதனைக் கண்டு வாளாவிராத இந்தியரும் இருந்தனர். தாதாபாய் நவரோஜி அபின் வணிகத்தை வெளிப்படையாகக் கண்டித்தார். இருபது வயது இளைஞராக இருந்த இரவீந்திரநாத் தாகூர் 1881இல் 'பாரதி' இதழில் சீனாவில் நடைபெறும் மரண வியாபாரம் என்று தலைப்பிட்டு ஒரு கட்டுரை எழுதினார். 1891இல் பிரித்தானியப் பாராளுமன்றமே இவ்வருமானம் அறத்துக்கு ஒவ்வாதது என்று தீர்மானித்தது. ஆனால் 1893இல் நியமிக்கப்பட்ட அரச ஆணைக்குழு, 1895இல் தனது அறிக்கையை வெளியிட்டபோது, இந்தியருக்கு அபின் அவ்வளவு தீங்கானதன்று என்றும் தடை தேவையில்லை என்றும் கூறிற்று. கணக்குப் புத்தகம் அறத்தை வென்ற மற்றொரு தருணம் அது.

ஒரு செடி மலைக்கு வந்தது

சீனத் தேயிலையில் தங்கியிருக்க விரும்பாத பிரித்தானியர் 1830களில் அசாமில் தேயிலை பயிரிடத் தொடங்கினர். இலங்கையில் ஜேம்ஸ் ரெயிலர் 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலையை நட்டார். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பிப் பயிரை அழித்துவிட, மலைநாடு தேயிலைக்கு மாறியது. தமிழ்நாட்டின் வறண்ட மாவட்டங்களிலிருந்து கங்காணிமாரால் அழைத்து வரப்பட்ட மக்கள் காடழித்துத் தோட்டம் செய்தனர். லண்டனின் ஒரு பழக்கத்தைத் தீர்ப்பதற்காகப் பீகார் விவசாயி அபின் விளைவித்தான். சீனத்துக் கூலியாள் அதனைப் புகைத்தான். நமது மக்கள் மலையேறிக் கொழுந்து பறித்தனர். மூன்று நாடுகளின் ஏழைகளை ஒரே சங்கிலியில் பிணைத்தது அந்தக் கோப்பை. 1948இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் நிறைவேறியபோது, அச்சங்கிலியின் நமது முனையில் இருந்தவர்களின் பெரும்பாலோர் நாடற்றவராயினர்.

போதையில் அரசு வருமானம் தேடிய கதை சீனத்தோடு முடிந்துவிடவில்லை. சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா ஆகியவற்றைக் கொண்ட நீரிணைக் குடியேற்றத்தின் அரச வருமானத்தில் சில ஆண்டுகளில் ஏறத்தாழப் பாதி அபினிலிருந்து கிடைத்தது. சீனத் தொழிலாளிக்கு அபின் என்றால் தமிழ்த் தொழிலாளிக்குக் கள். மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களுள்ளேயே கள்ளுக்கடைகள் வைக்கப்பட்டன. காலையில் கொடுத்த கூலி மாலையில் திரும்பிப் போயிற்று. இதற்கு எதிராக 1946, 1947ஆம் ஆண்டுகளில் கெடா மாநிலத்துத் தமிழ்த் தொழிலாளர்கள் 'தொண்டர் படை' என்ற பெயரில் அணிதிரண்டு கள்ளுக்கடைகளை மறித்தனர். குடிக்காதே என்று கேட்ட இந்த இயக்கத்தை அரசு பொலிசாரைக் கொண்டு அடக்கியது. குடியைவிடக் குடியை எதிர்ப்பது ஆபத்தானதாகத் தோன்றியது போலும்.

இலங்கையிலும் சாராயக் குத்தகை குடியேற்ற அரசின் முக்கிய வருவாய்களுள் ஒன்று. 1912ஆம் ஆண்டு மதுவரிச் சட்டத்தின் கீழ்க் கள்ளுக்கடைகள் பெருகவிருந்தபோது நாடெங்கும் மதுவொழிப்பு இயக்கம் எழுந்தது. சிங்கள மக்களிடையே அரசியல் விழிப்பை ஏற்படுத்திய முதல் வெகுசன இயக்கங்களுள் ஒன்று அதுவே. அதன் தலைவர்களான எவ்.ஆர். சேனநாயக்கவும் டி.எஸ். சேனநாயக்கவும் 1915ஆம் ஆண்டுக் கலவரத்தின் போது சிறையிடப்பட்டனர். அவ்வேளை அடக்குமுறைக்கு எதிராக இங்கிலாந்து சென்று வாதாடியவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன்.

மருந்தும் குற்றமும்

அபினின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். ஜெர்மனியின் இளம் மருந்தாளரான சேர்டியூர்னர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அபினிலிருந்து அதன் சாரத்தைப் பிரித்தெடுத்தார். கிரேக்கரின் கனவுத் தெய்வமான மோர்பியசின் பெயரால் அது மோர்பின் எனப்பட்டது. 1850களில் ஊசி மருந்தேற்றும் முறை வந்ததும் அது வலி நிவாரணத்தில் பெரும் புரட்சியை ஏற்படுத்தியது. 1898இல் பாயர் நிறுவனம் மோர்பினிலிருந்து செய்த ஒரு புதிய மருந்தை இருமலுக்கு ஏற்றது என்று சந்தைக்கு விட்டது. அதற்கு அந்நிறுவனம் இட்ட வணிகப் பெயர் ஹெரோயின். இன்று நீதிமன்றச் செய்திகளில் வரும் அப்பெயர், மருந்துக் கடைப் போத்தலில் ஒட்டப்பட்டிருந்த பெயர்.

1909இல் ஷாங்காயிலும் 1912இல் ஹேக் நகரிலும் நடந்த மாநாடுகளின் பின்னர் நாடுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சட்டம் இயற்றின. இலங்கையின் நஞ்சுகள், அபின், அபாயகர மருந்துகள் கட்டளைச் சட்டம் 1929ஆம் ஆண்டுக்குரியது. 1984ஆம் ஆண்டுத் திருத்தம் 2 கிராமோ அதற்கு மேலோ ஹெரோயின் கடத்துபவருக்கு மரண தண்டனையோ ஆயுட் சிறையோ விதிக்க வழிசெய்தது. 2022இல் செய்யப்பட்ட திருத்தம் ஐஸ் எனப்படும் மெத்தம்பெற்றமினையும் அவ்வாறான கடுந்தண்டனைக்குரிய பொருள்களுடன் சேர்த்தது. 1976இன் பின்னர் இந்நாட்டில் எவரும் தூக்கிலிடப்படவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

ஆயிரக்கணக்கான பெட்டிகளை அனுப்பியவருக்குப் பட்டம். இரண்டு கிராமுடன் பிடிபட்டவருக்குக் கழுமரம். இடையில் கடந்தது ஒன்றரை நூற்றாண்டு மட்டுமே.

இதனால் ஹெரோயினுக்கும் ஐசுக்கும் கதவைத் திறந்துவிட வேண்டும் என்று நான் வாதாடுவதாக எவரும் கொள்ளக்கூடாது. போருக்குப் பின்னர் எமது கிராமங்களில் இப்பொருள்கள் செய்துவரும் நாசம் கண்கூடானது. பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோரிடம் வரலாற்றுப் பாடம் சொல்ல முடியாது. நான் சொல்ல விழைவது வேறு. தடையும் அனுமதியும் பொருளின் தீங்கை மட்டும் அளந்து வகுக்கப்பட்டவை என்று நம்பினால், நாம் தவறான இடத்தில் காவல் நிற்போம்.

அண்மைக் கால நிகழ்வுகள் இதனை மெய்ப்பிக்கின்றன. அமெரிக்காவில் பேர்டியு மருந்து நிறுவனம் 1996இல் ஒக்சிகொன்ரின் என்ற வலிநிவாரணியைச் சந்தைக்குக் கொணர்ந்தது. அபின் குடும்பத்தைச் சேர்ந்த அம்மருந்தால் அடிமையாவோர் மிகச் சிலரே என்று வைத்தியர்களை நம்பவைத்தது. 2007இலும் 2020இலும் அந்நிறுவனம் நீதிமன்றில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. மாத்திரையில் தொடங்கிய அலை ஹெரோயினாகவும் பின்னர் பென்ரனிலாகவும் மாறிற்று. 2021 முதல் 2023 வரை ஒவ்வோர் ஆண்டும் அந்நாட்டில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அளவு மீறிய போதையால் இறந்தனர். அந்த அலையின் தொடக்கத்தில் எந்தக் கடத்தல் படகும் இருக்கவில்லை. வைத்தியரின் மருந்துச் சீட்டே இருந்தது.

உலகின் மறுபாதியில் நிலைமை தலைகீழானது. 2017இல் 'லான்செற்' மருத்துவ இதழின் ஆணைக்குழு ஒரு கணக்கைத் தந்தது. உலகில் ஆண்டுதோறும் விநியோகிக்கப்படும் மோர்பின் வகை மருந்து, மோர்பின் அளவில் கணக்கிட்டால், 298.5 தொன். அதில் வருமானம் மிகக் குறைந்த நாடுகளுக்குக் கிடைப்பது 0.1 தொன், அதாவது வெறும் 100 கிலோ. போதைப்பொருள் என்ற அச்சத்தால் விதிக்கப்பட்ட கட்டுப்பாடுகளும் இதற்கு ஒரு காரணம் என்று அக்குழு சுட்டிக்காட்டியது. புற்றுநோயின் இறுதிக் கட்டத்தில் ஓர் ஏழை துடிதுடித்து இறக்கிறார். அவருக்குத் தேவையான மருந்தின் விலை சில சதங்கள்.

இது எமக்குப் பிறத்தியார் கதை அன்று. 2009இல் வன்னியின் தற்காலிக வைத்தியசாலைகளில் போதிய மயக்க மருந்தின்றி மனிதரின் கைகால்கள் அகற்றப்பட்டன என்பதை ஐ.நா. செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழுவின் 2011ஆம் ஆண்டு அறிக்கை பதிவு செய்திருக்கிறது. வலியைத் தணிக்கும் மருந்து அன்று அந்த மண்ணுக்குப் போதிய அளவில் வந்து சேரவில்லை. வலியை மறக்கச் செய்யும் நஞ்சு இன்று அதே மண்ணுக்குத் தட்டுப்பாடின்றி வந்து சேர்கிறது. அன்று மருந்து எட்டாத இடத்துக்கு இன்று ஹெரோயின் எவ்வாறு எட்டுகிறது என்ற கேள்வியை எமது சமூகம் உரத்துக் கேட்க வேண்டும்.

லின் செசு கடற்கரையில் கூலியாட்களைப் பிடித்துக் கணக்குக் காட்டுவதோடு நிறுத்தவில்லை. அபினை அனுப்பியவர் யார், அதனால் செல்வம் சேர்ப்பவர் யார் என்று கேட்டார். அதனாலேயே அவர் தோற்கடிக்கப்பட்டார். ஆயினும் அவர் கேட்ட கேள்விதான் சரியானது. கைப்பற்றப்பட்ட பொருளின் எடையையும் கைதானவரின் வயதையும் வெளியிடும் செய்தியாளர்கள், அதன் இலாபம் எவருடைய பைக்குப் போகிறது என்ற ஐந்தாவது தகவலையும் தேடத் தொடங்கினால், இந்த வரலாற்றின் அடுத்த பக்கம் சற்று வேறாக எழுதப்படலாம்.